மாற்றிய வண்டியும் மடக்கும் போலீசும்: ஒரு சின்ன வரலாறு

இந்த முறை எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம் நம்மில் பாதிப் பேருக்குப் பிடித்தது, மீதிப் பாதிப் பேருக்கு எரிச்சல் ஊட்டுவது. சைலன்சர் மாற்றிய புல்லட், கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டிய ஸ்கார்பியோ, முன்னால் இரும்புக் கம்பி கட்டிய ஜீப், நான்கு சுருதியில் பாடும் ஏர் ஹாரன்.. அதாவது கம்பெனி கொடுத்த மாதிரி இல்லாமல் தன் இஷ்டத்துக்கு மாற்றிய வண்டிகள். அவற்றை ஓரங்கட்டச் சொல்லும் போலீஸ்.

வடமதுரைக்காரர்களுக்கு இது புதிய காட்சி இல்லை. திருச்சி - திண்டுக்கல் நாலு வழிச்சாலை நம் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. சென்னை, திருச்சியில் இருந்து கொடைக்கானல் போகிற பைக் கூட்டமும் கார் கூட்டமும் சனி ஞாயிறானால் அய்யலூர் தாண்டி இந்த வழியாகத்தான் போகும். யார் வருகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும் :-)

"பசங்க சேட்டை, போலீஸ் பிடிக்குது, அவ்வளவுதானே" என்று நினைக்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் சட்டம் எப்படி மாறி வந்தது என்று தேடிப் படித்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. வண்டியை மாற்றுவது நம் நாட்டில் எப்போதும் குற்றமாக இருக்கவில்லை. ஒரு காலத்தில் அரசாங்கமே மாற்றச் சொன்னது. பிறகு "சொல்லிவிட்டு மாற்று" என்றது. அதற்கும் பிறகுதான் "மாற்றாதே" என்றது. இந்த மூன்று கட்டங்களையும் பார்த்தால்தான் இன்றைக்கு ரோட்டோரம் நடக்கும் வாக்குவாதம் ஏன் தீரவே மாட்டேன் என்கிறது என்று புரியும்.

வண்டி கட்டிய ஊர்கள்

நம் பக்கத்து ஆட்களுக்கு வண்டியில் கை வைப்பது ரத்தத்தில் ஊறியது. சென்னை சிம்ப்சன் கம்பெனி குதிரை வண்டி கட்டிப் பெயர் வாங்கிய இடம். அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் 1903ல் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டினார். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீராவிக் கார் என்று அதைச் சொல்வார்கள்.

அடுத்த கதை மதுரையில். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. பஸ் ஓடாவிட்டால் ஊர் நின்றுவிடும். அப்போது டி.வி.சுந்தரம் ஐயங்கார் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கருவியைத் தயாரித்தார். கொள்கலனில் அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரிப்பார்கள். அதில் வரும் வாயுவை வடிகட்டி எஞ்சினுக்கு அனுப்புவார்கள். பெட்ரோலுக்காகச் செய்த எஞ்சின் கரியில் ஓடியது! இன்றைய கண்ணோடு பார்த்தால் அது முழுக்க முழுக்க "மாடிஃபிகேஷன்". ஆனால் அன்றைக்கு அது தேச சேவை.

அப்புறம் நம் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். மேற்கே வேடசந்தூர் போய் நெடுஞ்சாலையில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கரூர். பஸ் பாடி கட்டுவதில் பெயர் பெற்ற ஊர். அதற்கு மேலே நாமக்கல், லாரி பாடி. திருச்செங்கோடு, போர்வெல் வண்டி. கம்பெனி வெறும் சேஸிஸை மட்டும் விற்கும். டிரைவர் அதை அப்படியே ஓட்டி வருவார், தலைக்கு மேல் கூரை கூட இருக்காது. மற்றதெல்லாம் நம்மூர் பட்டறையில் வெல்டர், தச்சர், பெயின்டர் கைவேலை. "தயாரிப்பாளர் கொடுத்த வடிவம்" என்று ஒன்று அந்த வண்டிகளுக்கு முழுதாக இருந்ததே இல்லை. பிற்காலத்தில்தான் பஸ் பாடிக்கு என்று தனி விதித் தொகுப்பும், பட்டறைக்கு அங்கீகாரமும் வந்தன.

இப்படி ஒரு சூழலில் வளர்ந்த மெக்கானிக்குக்கு, ஒரு வண்டி என்பது முடிந்துபோன பொருள் இல்லை. செய்ய ஆரம்பித்திருக்கிற பொருள். இந்த மனநிலையைப் புரிந்து கொள்ளாமல் இந்த வரலாற்றைப் பேசவே முடியாது.

ஏழு நாள் கடிதம்

இப்போது சட்டத்துக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், சுவாரசியமான இடம் இதுதான்.

1988ல் நிறைவேறி 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு முன்பு இருந்தது 1939ம் வருடச் சட்டம். 1988 சட்டத்தின் 52வது பிரிவு வண்டியை மாற்றுவது பற்றியது. அது முதலில் எழுதப்பட்டபோது என்ன சொன்னது தெரியுமா?

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் தவறாகிப் போகும்படி வண்டியை மாற்ற வேண்டுமானால், முதலில் ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், அவர் ஒப்புதல் வேண்டும். ஆர்.டி.ஓ. ஏழு நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும். ஏழு நாளில் பதில் வரவில்லை என்றால் ஒப்புதல் கொடுத்ததாகவே அர்த்தம்! கூடுதலாக ஏதாவது பொருத்தியோ கழற்றியோ வண்டியின் எடை இரண்டு சதவீதத்துக்குள் மாறினால் ஒப்புதலே தேவையில்லை.

யோசித்துப் பாருங்கள். இந்தச் சட்டம் வண்டிக்காரனைத் திருடனாகப் பார்க்கவில்லை. "நீ மாற்றப் போகிறாய் என்று தெரியும், என்னிடம் சொல்லிவிட்டுச் செய்" என்றது. நடைமுறையில் எத்தனை பேர் எழுதிக் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் வாசல் திறந்திருந்தது. மாற்ற ஆசைப்படுகிறவனும் அரசாங்கமும் பேசிக்கொள்ள ஒரு மேஜை இருந்தது. அந்த மேஜை ஆர்.டி.ஓ. ஆபீசில் இருந்தது, நடுரோட்டில் இல்லை.

கதவு சாத்திய வருடம்

2000ம் ஆண்டு அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களில் இருந்து மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக்கூடாது. ஏழு நாள் கடிதமும் போயிற்று, இரண்டு சதவீத சலுகையும் போயிற்று. கேஸ், பேட்டரி போன்ற வேறு எரிபொருளுக்கு மாற்றும் கிட், நிபந்தனைகளோடு அதே வகை எஞ்சினை மாற்றுவது போன்ற சில வழிகள் மட்டும் மிஞ்சின.

ஏன் இப்படி? காரணம் இல்லாமல் இல்லை. அதே 2000ல்தான் புதிய புகை வரம்புகள் நாடு முழுக்க அமலுக்கு வந்தன. ஒரு மாடலை விற்பதற்கு முன் அதன் மாதிரியைச் சோதனை நிலையத்துக்கு அனுப்பி பிரேக், புகை, சத்தம் எல்லாம் பார்த்துச் சான்று வாங்க வேண்டும். அப்படிச் சோதித்துச் சான்று கொடுத்த பிறகு, ஊர்ப் பட்டறையில் ஒருவர் எஞ்சினையும் சைலன்சரையும் மாற்றினால் அந்தச் சான்றுக்கு என்ன மதிப்பு? இந்தக் கேள்வி நியாயமானது.

ஆனால் பிரிவிலேயே ஒரு விளக்கமும் இருக்கிறது. "மாற்றம்" என்றால் வண்டியின் அமைப்பு மாறி, அதனால் அதன் அடிப்படை அம்சம் மாறுவது. அப்படியானால் அலாய் வீல்? பெரிய டயர்? ஸ்டிக்கர்? எது அடிப்படை அம்சம், எது அலங்காரம் என்ற கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு பதில்.

2019 ஜனவரி 9ல் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பை ரத்து செய்து, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பு மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் தண்டனையும் ஏறியது. விதியை மீறி மாற்றினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கவனியுங்கள், ஒரு வண்டிக்கு இல்லை, ஒவ்வொரு மாற்றத்துக்கும்! அதே திருத்தம் ஒரு நல்ல காரியமும் செய்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி வண்டியை மாற்றிக்கொள்ள ஆர்.டி.ஓ. ஒப்புதலோடு வெளிப்படையாக வழி வைத்தது.

காதும் கண்ணும் தான் கருவி

ஆபீசில் பேச வழி இல்லாமல் போனதும் விவகாரம் முழுக்க ரோட்டுக்கு வந்துவிட்டது. சான்று கொடுத்தவர் எஞ்சினியர், சோதித்தது ஆய்வகம். ஆனால் தவறைக் கண்டுபிடிக்க வேண்டியவர் வெயிலில் நிற்கிற ஏட்டய்யா. அவரிடம் இருக்கும் கருவி அவர் கண்ணும் காதும் தான்.

சைலன்சரை எடுத்துக் கொள்வோம். புதிய இரு சக்கர வண்டிகளுக்கு 2005 ஏப்ரலில் இருந்து உள்ள சத்த வரம்பு: 80 சி.சி. வரை 75 டெசிபல், 175 சி.சி. வரை 77, அதற்கு மேல் 80. ஆனால் இது தயாரிப்பு நிலையில் அளப்பது. திறந்தவெளியில், ஓடும் வண்டியை வேகம் எடுக்க வைத்து, ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து அளக்க வேண்டும். செக்போஸ்டில் நின்றுகொண்டு இதைச் செய்ய முடியுமா? அதனால் "சத்தமா இருக்கு, ஓரங்கட்டு" என்பதுதான் சோதனை. உண்மையிலேயே காதைக் கிழிப்பவனும் மாட்டுவான், கம்பெனியிலேயே கனத்த சத்தத்தோடு வந்த பழைய வண்டிக்காரனும் மாட்டுவான்.

கறுப்பு ஃபிலிம் கதை இன்னும் வேடிக்கை. விதிப்படி முன், பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே போக வேண்டும். கொல்கத்தாவைச் சேர்ந்த அவிஷேக் கோயங்கா தொடுத்த பொதுநல வழக்கில் 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், எந்த அளவாக இருந்தாலும் சரி, ஃபிலிம் ஒட்டவே கூடாது என்றது. இசட், இசட் பிளஸ் பாதுகாப்பு உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. மே 4 முதல் நாடு முழுக்க ஃபிலிம் உரிக்கும் படலம். அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி பஸ்ஸில் நடந்த கொடுமைக்குப் பிறகு இந்தத் தடை ஏன் தேவை என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் பிறகு 2020ல் விதி திருத்தப்பட்டது. அதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், குறிப்பிட்ட வெளிச்ச அளவுக்குள் இருந்தால் ஃபிலிம் ஒட்டியதற்காக அபராதம் போடக்கூடாது என்று சொல்லிவிட்டது. ஒரே கண்ணாடி.. பன்னிரண்டு வருடத்தில் இரண்டு பதில்கள்!

2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் முன்பக்க இரும்புக் கம்பிகள் மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. காரணம் சரியானதுதான். மோதும்போது நடந்து போகிறவருக்கு அந்தக் கம்பி எமன். ஏர்பேக் சரியாக விரிவதையும் அது கெடுக்கலாம். 2024 மே 2 முதல் சென்னைப் போக்குவரத்து போலீஸ், தொழில், துறை, பதவியை நம்பர் பிளேட்டில் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் மேல் வழக்குப் போட ஆரம்பித்தது. இதுவும் நல்லதே. ஆனால் ஆளைக் கொல்லும் கம்பியும் பந்தா ஸ்டிக்கரும் அபராத ரசீதில் பக்கத்துப் பக்கத்து வரிகளாக இருப்பதைப் பாருங்கள்.

சல்யூட் அடிக்காத காவலாளி

வண்டிப் பிரியர்களுக்கும் போலீசுக்கும் இந்த உரசல் நம் நாட்டில் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 1903ல் வந்த சட்டம் மணிக்கு 20 மைல் என்று வேக வரம்பு வைத்தது. போலீஸ் புதருக்குள் ஒளிந்து நின்று வேகத்தைக் கணக்கிட்டுப் பிடித்தது. கார்க்காரர்கள் 1905ல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆரம்பித்தார்கள். சைக்கிளில் ஆட்களை அனுப்பி "முன்னால போலீஸ் இருக்கு" என்று உறுப்பினர்களுக்கு எச்சரித்தார்கள். 1910ல் நீதிமன்றம், அப்படி எச்சரிப்பது குற்றம் என்றது. உடனே சங்கம் முறையை மாற்றியது. வழக்கமாக உறுப்பினர் காரைக் கண்டால் சல்யூட் அடிக்கும் அதன் ஆள், போலீஸ் ஒளிந்திருந்தால் சல்யூட் அடிக்க மாட்டார். சல்யூட் வரவில்லையா, வேகத்தைக் குறை! சல்யூட் அடிக்கவில்லை என்று யார் மேல் கேஸ் போட முடியும்?

நம்மூரில் எதிரே வருகிற வண்டி லைட்டை டிம், பிரைட் அடித்துக் காட்டுவதன் தாத்தா இவர்தான் :-)

அமெரிக்காவில் நடந்தது வேறு மாதிரி. போர் முடிந்த காலத்தில் பழைய கார்களைப் பிரித்து மாற்றிக் கட்டி, தெருவிலேயே பந்தயம் விட்ட இளைஞர் கூட்டம் கலிபோர்னியாவில் பெருகியது. பொமோனா நகரத்தில் பட் கூன்ஸ் என்ற போலீஸ் சார்ஜென்ட் அந்தப் பையன்களைத் துரத்துவதோடு நிற்கவில்லை. அவர்கள் கிளப்போடு சேர்ந்து, தெருவுக்கு வெளியே ஓட்ட இடம் பிடித்துக் கொடுக்க உதவினார். 1951ல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். அதன் முதல் அதிகாரபூர்வப் பந்தயம் 1953ல் பொமோனாவில்தான் நடந்தது. அடுத்த வருடம் ஊர் ஊராகப் போய் பாதுகாப்பாகப் பந்தயம் நடத்தக் கற்றுக்கொடுத்த குழுவுக்குத் தலைவர் யார்? அதே போலீஸ்காரர் பட் கூன்ஸ். ஓட்ட இடமும், ஓட்டும் முன் வண்டியைச் சோதிக்கும் விதியும் கிடைத்ததும் பந்தயம் தெருவை விட்டு மைதானத்துக்குப் போக ஒரு வழி பிறந்தது.

நமக்கும் ஒரு மைதானம் இருந்தது

தமிழ்நாட்டுக்கு இது புதுப் பாடம் இல்லை. 1953ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. உலகப் போர் கால விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் சும்மா கிடந்தது. அங்கே பல வருடங்கள் பந்தயம் நடந்தது. அம்பாசடரையும் பியட்டையும் ஹெரால்டையும் நம்மாட்கள் பிரித்து மேய்ந்து ஓட்டினார்கள். 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தது. 2003ல் கோவை செட்டிபாளையத்தில், 1995ல் மறைந்த பந்தய வீரரும் வடிவமைப்பாளருமான கரிவரதன் பெயரில் இன்னொரு தடம். அந்தக் கோவையில் இருந்துதான் நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குப் போன முதல் இந்தியர் ஆனார். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரத் தெருப் பந்தயமே அரசாங்க ஆதரவோடு நடந்தது.

ஆனால் ஒரு சங்கடமான உண்மை. இந்தத் தடங்கள் எல்லாம் சென்னை, கோவை. வடமதுரையில் ஒரு பழைய ஆர்.எக்ஸ். 100 வைத்திருக்கும் பையனுக்கு அவை நிலாவுக்குச் சமம். அவனுக்குக் கிடைக்கிற தடம் நாலு வழிச்சாலை. கிடைக்கிற பார்வையாளர் கைபேசியில் இருக்கிறார்.

இந்தக் கைபேசிதான் கடைசி அத்தியாயம். 2021 ஆகஸ்டில் கேரளாவின் கண்ணூரில், இ புல் ஜெட் என்ற பெயரில் வீடியோ போட்டு வந்த சகோதரர்களின் மாற்றிக் கட்டிய வேனை மோட்டார் வாகனத் துறை பறிமுதல் செய்தது. ஆபீசில் போய்த் தகராறு செய்ததாக அவர்கள் கைதானார்கள். இணையத்தில் ரசிகர்கள் கொதித்தார்கள். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே டி.டி.எஃப். வாசன் பைக் சாகசம் செய்து விழுந்து கைதானார். அவருடைய லைசென்ஸ் 2033 வரை பத்து வருடத்துக்குத் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. போலீஸ் பிடிப்பது முன்பெல்லாம் அவமானம். இப்போது அதுவே ஒரு வீடியோ. பிடித்தாலும் பார்வையாளர் எண்ணிக்கை ஏறும் என்றால் அபராதம் யாரைத் திருத்தும்?

2022ல் சென்னை உயர் நீதிமன்றம் வேறொரு வழியைத் தேடியது. பைக் சாகச வழக்கில் ஜாமீன் கேட்டு வந்தவர்களை அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் போய் வேலை பார்க்கும்படி நிபந்தனை போட்டது. எனக்கு அபராதத்தை விட இது பயனுள்ளதாகத் தோன்றுகிறது.

போலீஸ் பக்கத்து நியாயம்

இதுவரை படித்து "பாவம் பசங்க" என்று முடிவு கட்ட வேண்டாம். 2022 அக்டோபர் 5 இரவு, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் பள்ளி மாணவர்கள் போன சுற்றுலா பஸ் அரசு பஸ்ஸின் பின்னால் மோதியது. ஒன்பது பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் மாணவர்கள். அந்த பஸ்ஸின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் கை வைத்திருந்தது விசாரணையில் தெரிந்தது. கண்ணைப் பறிக்கும் லைட்டும் பெயின்டும் இருந்த சுற்றுலா பஸ்கள் மேல் கேரளம் பாய்ந்தது. எல்லாம் வெள்ளை நிறத்துக்கு மாற உத்தரவு வந்தது.

பஸ் ரசிகர்கள் நிறம் போனதற்கு வருத்தப்பட்டார்கள். ஆனால் கொன்றது நிறமா? வேகக் கட்டுப்பாட்டில் வைத்த கை! கண்ணுக்குத் தெரியாத மாற்றம்தான் உயிரை எடுக்கிறது. ரோட்டில் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடிவதோ பெயின்டும் ஸ்டிக்கரும். நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது இந்த இடத்தில்தான் இருக்கிறது.

2022ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 17,884 பேர். இந்த எண்ணிக்கைக்கு முன்னால் எந்த போலீஸ்காரரையும் "ஏன் நிறுத்துறீங்க" என்று கேட்க எனக்கு வாய் வராது. எதிரே வரும் வண்டியின் வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில் கண் கூசி, ரோட்டோரம் சைக்கிளில் போகிற பெரியவரைக் கவனிக்காமல் விட எத்தனை நொடி வேண்டும்?

முடிவாக

1989ல் இருந்த ஏழு நாள் கடிதத்தை அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது. அன்றைய வண்டி வேறு, இன்றைய வண்டி வேறு. ஆனால் அதில் இருந்த எண்ணத்தைக் கொண்டு வரலாம். எதை மாற்றலாம், எதை மாற்றவே கூடாது என்று சாதாரண மெக்கானிக்குக்குப் புரியும் தமிழில் ஒரு பட்டியல். மாற்ற ஆசைப்படுகிறவன் பணம் கட்டி, வண்டியைக் காட்டி, ஆமாம் இல்லை என்று பதில் வாங்க ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு ஜன்னல். மாவட்டத்துக்கு ஒரு நாள், ஒரு மைதானம்.

இவை இருந்தால் மீறுகிறவனைப் பிடிக்கும்போது போலீசுக்கும் தெம்பு இருக்கும். "வழி இருந்துச்சே, ஏன் போகல" என்று கேட்கலாம். வழியே வைக்காமல் பிடித்துக் கொண்டிருந்தால் ஏட்டய்யா கைகாட்டுவார், பையன் சந்துக்குள் திருப்புவான். செக்கிங் என்றால் ஒரிஜினல் சைலன்சரை மாட்டிக்கொண்டு வருவான், மறுநாள் கழற்றுவான். பெங்களூரில் இருந்து விசாகப்பட்டினம் வரை பிடித்த சைலன்சர்களை நடுரோட்டில் பரப்பி ரோடு ரோலர் ஏற்றிப் பார்த்துவிட்டார்கள். அதைப் பார்த்தவர்கள் கைதட்டினார்கள், வீடியோ எடுத்தார்கள். அடுத்த வாரம் கடையில் புது சைலன்சர் விற்றது.

மெக்கானிக் படிப்பு படிக்கிற நண்பர்களுக்குக் கடைசியாக ஒன்று. கரியில் பஸ் ஓட்டிய ஊர் நம் பக்கத்து ஊர். கை வைக்கத் தெரிவது பெருமைதான். பிரேக், லைட், வேகக் கட்டுப்பாடு இந்த மூன்றிலும் மட்டும் விளையாட வேண்டாம். மற்றதை சட்டத்தோடு பேசித் தீர்த்துக் கொள்ளலாம்.

அடுத்த கட்டுரையில் வேறு விஷயத்தோடு சந்திப்போம்.